ஐம்பத்து நான்கு பவுண்டு

பிப்ரவரி 4
பயிற்சி முகாம்

தங்கச்சிக்கு,

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். எட்டு முறை அடித்துப் பார்த்தேன், ஒரு மணிகூட அடிக்காமல் செத்துப்போகிறது. சரி, இருக்கட்டும். மட்டைப் பையை உன்னால் தடுக்க முடியாதே. அதனால் பையின் அடித்துணியைத் தூக்கி அதன் கீழே இதை வைத்து அனுப்புகிறேன். உன் மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடும் பேச்சை நிறுத்திவிடுவாள். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

பையில் ஆறு டென்னிஸ் மட்டைகள். ஒவ்வொரு பிடியிலும் வெள்ளை டேப் ஒட்டி 54 என்று அவளே எழுதியிருக்கிறாள், நரம்பை வழக்கமாக நீ இறுக்குகிற அதே பவுண்டு. இங்கே முகாமிலேயே நரம்பு கட்டுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், கை சுத்தம். அணியில் நெட்டையும் மற்ற இரண்டு பெண்களும் அவரிடம்தான் கொடுக்கிறார்கள். உன் மகள் மிளகு மட்டும் மாட்டேன் என்கிறாள். நேற்று வாயைக் கிளறிப் பார்த்தேன்.

"அம்மாகூடப் பேச மாட்டே. மட்டை மட்டும் அம்மாகிட்டதான் போகணுமா?"

"பேசறது வேற, மட்டை வேற பெரியம்மா."

அவ்வளவுதான். அடுத்த பந்தை எடுக்கப் போய்விட்டாள்.

நீ செய்ததும் சரியில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் மட்டையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார் அல்லவா? அதை என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கொண்டு நேரே சங்கச் செயலாளர் மேஜைக்குப் போய், இவளை அணியில் எடுக்காதீர்கள் என்று கேட்பாயா? அவளுக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். அன்றைக்கு அங்கே காவலாளியிலிருந்து எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்களாம்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அது போன வருடத்துப் படம், இப்போது கை சரியாகிவிட்டது என்று சொன்னேன். பொய்தான். கேப்டன் என்ற முறையில் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் இந்த நாட்டுக்காக ஆடி, நாடுகளுக்கு இடையிலான போட்டியில் முதல் பிரிவின் வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பியவள் என்ற முறையில் சொன்னேன். இந்த வருடம் நான்கு நாடுகளை ஜெயித்தால் போதும். இவள் இல்லாமல் ஒன்றைக்கூட ஜெயிக்க முடியாது.

பதினைந்தாம் தேதி முதல் போட்டி. பன்னிரண்டுக்குள் மட்டைகள் வந்துவிட வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 8

அக்காவுக்கு,

பையை உதறியபோது உன் கடிதம் விழுந்தது. கிழித்துப் போடத்தான் நினைத்தேன். படித்துவிட்டேன், என்ன செய்வது.

உன் பொய்யைப் பற்றி நீயே எழுதிவிட்டாய், நான் தனியாகத் திட்ட வேண்டியதில்லை. ஆனால் இதைக் கேள். இந்த விளையாட்டுச் சாமான் கடையின் பின்அறையில் பதினேழு வருடமாக நரம்பு கட்டுகிறேன். வருகிற மட்டையைப் பிரிக்கும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். மிளகின் நரம்பு எப்போதும் நட்டநடுவில், ஒரு பொத்தான் அளவு இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். அவ்வளவு சுத்தமாக அடிக்கிறவள். இந்த ஆறிலும் தேய்மானம் மட்டையின் நுனிப் பக்கம் ஏறியிருக்கிறது. பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறாள். பிடியின் டேப்பையும் பார்த்தேன். மற்ற விரல்கள் இருக்கிற இடமெல்லாம் அழுக்கு. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் புதுசு போல வெள்ளையாக இருக்கிறது. நாலு விரலில் பிடித்து ஆடுகிறாள். உன் பிசியோ இதைச் சொன்னாரா?

நீ ஆடாத கேப்டனாகக் கோர்ட்டுக்கு உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்குக் கிடைப்பது அவள் அடித்து முடித்த பிறகு வருகிற நரம்பு. ஆனாலும் உன்னைவிட எனக்குத்தான் அதிகம் தெரிகிறது.

ஆறும் கட்டியாகிவிட்டது. சீட்டில் 54 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அவள் அப்பா வழக்கம் போல இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய் அவளோடு போன் பேசுகிறார். எனக்குத் தெரியாது என்று அவருக்கு நினைப்பு. இரண்டு சட்டை காயப்போட முக்கால் மணி நேரம் ஆகுமா?


பிப்ரவரி 19

தங்கச்சிக்கு,

ஜெயித்துவிட்டோம். மூன்றுக்கு இரண்டு. மிளகு தன்னுடைய இரண்டு ஒற்றையரையும் ஜெயித்தாள், கடைசி இரட்டையரில் மற்ற இரண்டு பெண்களும் பிடித்துக்கொண்டார்கள்.

நீ நாற்காலியைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த நாற்காலியில் நீ ஒரு நாள் உட்கார்ந்து பார். இரண்டு கேமுக்கு ஒரு முறை, பக்கம் மாறும்போது, தொண்ணூறு வினாடி அவள் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். அப்போது நான் பேசலாம். மற்ற நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். அந்தத் தொண்ணூறு வினாடியிலும் என்ன சொல்வது? வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

இரண்டாம் நாள், இரண்டாவது செட். தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். திறக்கவில்லை. புது பாட்டில்கூட இல்லை, ஏற்கெனவே திறந்து குடித்த பாட்டில். அதை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி இருந்தாள். நானும் எதிரே பார்த்தபடியே பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். இருவரும் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்தோம். அவள் ஆடப் போனாள், நான் மறுபடி உட்கார்ந்தேன்.

இன்னொன்று. அவள் பந்து எப்போதும் பின்கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழும். இந்த முறை நிறைய வெளியே போயிற்று. அந்த ஊர்ப் பந்து லேசு என்று பயிற்சியாளர் சொல்கிறார். இருக்கலாம்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

பாட்டில் விஷயத்தை நீ எழுதாமலே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து வீட்டில் எந்த மூடியைத் திறந்தாலும் அதுதான் ஞாபகம் வருகிறது.

அந்தப் போட்டியை நானும் பார்த்தேன், கடைக்காரர் போனில். மூன்றாவது செட்டில் அவள் சர்வ் போடப் பந்தை மேலே எறிந்தாள், அதோடு படம் நின்றுவிட்டது. பந்து மேலே, அவள் கை மேலே, ஒன்றும் அசையவில்லை. அதற்குள் ஒருவர் வந்து கேரம் பவுடர் இருக்கிறதா என்று கேட்கிறார். எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஆட்டமே முடிந்து எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தது யார் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "உங்க பொண்ணுதான், வேற யாரு?" என்றார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஜெயித்தால் அடுத்த போட்டி உண்டே என்றுதான் தோன்றியது. பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா இது?

மட்டைகள் வந்தன. தேய்மானம் இன்னும் மேலே ஏறியிருக்கிறது.

ஆடுகிறவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கிற தாள் உன் கையில்தானே இருக்கிறது? ஒரே ஒரு போட்டிக்கு அவள் பெயருக்குப் பதிலாக வேறு பெயர் எழுது. நாட்டை விட்டுவிடு என்று கேட்கவில்லை. ஒரு போட்டி. உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை அக்கா, சின்ன வயதில் உன் பழைய ஷூவைத் தவிர.

54 என்று ஒட்டியிருக்கிறேன்.


ஏப்ரல் 22

தங்கச்சிக்கு,

நீ கேட்டாய் என்று செய்து பார்த்தேன். போட்டிக்கு முதல் நாள் நெட்டை பெயரையும் இன்னொரு பெண் பெயரையும் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவள் எப்படி மோப்பம் பிடித்தாளோ தெரியவில்லை. ஹோட்டல் அறைக்கு வந்து கதவருகே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பெரியம்மா, தாளை எடுங்க."

"எந்தத் தாள்?"

"நீங்களும் அம்மா மாதிரி ஆயிடாதீங்க. எனக்கு யாருமே இல்லாம போயிடும்."

அழவில்லை. சத்தம் போடவில்லை. கத்தியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். தாளை எடுத்து அவள் முன்னாலேயே பெயரை மாற்றி எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டுத்தான் போனாள், கல்லுளிமங்கி.

ஜெயித்தோம். இரண்டாவது நாட்டையும் தாண்டிவிட்டோம். செய்தித்தாளில் படம் வந்திருக்கிறது, நீ பார்த்திருப்பாய். அவள் மட்டையைக் கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்திருப்பது இடது கையில் என்பதையும் பார்த்திருப்பாய்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அவள் பந்து இன்னும் வெளியே போகிறது. அங்கே பந்து லேசு என்றார்கள், இங்கே காற்று என்கிறார்கள். நேற்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் மட்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தேன். நான் ஆடிய காலத்தில் எனக்கும் நீதானே கட்டிக் கொடுத்தாய்? ஐம்பத்து நான்கின் சத்தம் எனக்குத் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை, கொஞ்சம் மந்தமாக இருக்கிறது.

நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்?

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

ஆமாம்.

பிப்ரவரியில் 53. ஏப்ரலில் 52. இப்போது அனுப்பியிருப்பது 51. சீட்டில் மூன்று முறையும் 54 என்று எழுதினேன். பதினேழு வருடத்தில் யாருக்கும் ஒரு பவுண்டு மாற்றிக் கட்டியதில்லை. அரை பவுண்டு தவறினால் நரம்பை அறுத்துப் போட்டு மறுபடி கட்டுகிறவள் நான், உனக்கே தெரியும். சொந்த மகள் மட்டையில் கை வைத்தேன்.

டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். நரம்பு முறுக்காக இருந்தால் பந்து படுகிற அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டில்தான் இறங்கும், தளர்த்தினால் கொஞ்சம் குறையும் என்றார். வேறு எதுவும் என் கையில் இல்லை அக்கா. போகாதே என்றேன், போனாள். செயலாளரிடம் சொன்னேன், நீ பொய் சொன்னாய். பெயரை மாற்றச் சொன்னேன், உன்னால் முடியவில்லை. இந்த இயந்திரத்தில் எண் வைக்கிற டயல் ஒன்றுதான் நான் திருப்பினால் திரும்புகிறது. திருப்பினேன்.

ஒரேயடியாகக் குறைத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஒன்று ஒன்றாகக் குறைத்தேன். நீ சொல்லிவிடாதே. சொன்னால் மட்டையையும் அந்த முகாம் ஆளிடம் கொடுத்துவிடுவாள். அப்புறம் இந்தப் பையும் வராது. இந்தப் பை வராவிட்டால் அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து சொல்கிற அரைகுறைச் செய்திதான்.


ஜூலை 21

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

மூன்றாவது நாட்டையும் ஜெயித்தோம். எதிர் அணிப் பெண் ஒருத்திக்குக் காய்ச்சல், அதிர்ஷ்டம். ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. நீ தளர்த்தியதால் என்ன நடக்கிறது என்பதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், அதைச் சொல்கிறேன். கோபப்படாமல் படி.

நரம்பு தளர்ந்தால் பந்து தூரம் போகிறது. தூரம் போகிற பந்தைக் கோட்டுக்குள் இறக்க வேண்டுமென்றால் அதைச் சுழற்ற வேண்டும். சுழற்றுவது எதனால்? மணிக்கட்டால். முன்பெல்லாம் தோளிலிருந்து நேராக அடித்தவள் இப்போது ஒவ்வொரு பந்துக்கும் மணிக்கட்டைத் திருகி, கீழிருந்து மேலே துடைத்து எடுக்கிறாள். தன் அளவு தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்கள் போன பிறகும் இரண்டு மணி நேரம் தனியாக நின்று அதையே பழகுகிறாள். நீ ஒரு பவுண்டு குறைக்கக் குறைக்க அவள் இன்னும் கொஞ்சம் திருகுகிறாள். நீ காப்பாற்ற நினைத்த இடத்திலேயே எல்லாம் போய் இறங்குகிறது.

உன்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இன்று அவள் பழகுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நிறுத்துடி, உன் கையில் தப்பில்லை, மட்டையில்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் உன்னை எப்போதைக்கும் விட்டிருப்பாள். செயலாளர் மேஜையில் ஒரு முறை, மட்டையில் ஒரு முறை. இரண்டாவது முறைக்கு அவளிடம் மன்னிப்பு கிடையாது. அதனால் திரும்பி வந்துவிட்டேன். நான் செய்தது சரியா என்று தெரியவில்லை.

நவம்பரில் கடைசிப் போட்டி. அதற்காவது உண்மையான ஐம்பத்து நான்கு கட்டு. இல்லையென்றால் நீயே அவளிடம் சொல். இரண்டில் ஒன்று செய், புண்ணியமாகப் போகும்.

அக்கா


நவம்பர் 2

அக்காவுக்கு,

உன் ஜூலைக் கடிதம் இன்னும் என் இயந்திரத்துக்கு அடியில் இருக்கிறது. மூன்று மாதமாகப் பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். டாக்டரிடம் மறுபடி போனேன். நீ சொன்னதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்படியும் நடக்கலாம்மா" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

இந்த முறை வந்த மட்டைகளில் தேய்மானம் ஓர் இடத்தில் இல்லை. நரம்பு நரம்பாகப் பக்கவாட்டில் இழுபட்டு வரிவரியாக இருக்கிறது. நீ எழுதிய மாதிரியேதான். துடைத்து எடுக்கிறாள்.

இப்போது 54-க்குப் போகலாமா? எட்டு மாதம் தளர்ந்த நரம்பில் பழகிய கைக்கு, அதுவும் இந்த நிலையில் இருக்கிற கைக்கு, திடீரென்று முறுக்கான நரம்பைக் கொடுத்தால் முதல் பந்திலேயே என்ன ஆகுமோ. கொடுக்காவிட்டால் திருகித் திருகியே கிழிந்துவிடும். இரண்டு பக்கமும் நான் வைத்த பொறிதான்.

அதனால் மூன்று மட்டைகளில் 54, மூன்றில் 50 கட்டியிருக்கிறேன். எல்லாச் சீட்டிலும் 54 தான். உனக்கு மட்டும் அடையாளம்: 54-ல் கடைசி முடிச்சு சட்டத்தின் நுனிப் பக்கம், 50-ல் பிடிப் பக்கம். கோர்ட்டில் மட்டையை எடுத்துக் கொடுப்பது நீதானே. அவள் கையை அன்றைக்கு நேரில் பார்த்து எதைக் கொடுப்பது என்று நீயே முடிவு செய். என்னால் முடியவில்லை. கோழைத்தனம்தான், திட்டிக்கொள்.

இன்னொரு கவரும் வைத்திருக்கிறேன், ஒட்டியது. அவளுக்கு. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். போட்டி முடிந்த பிறகு கொடு. ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி.


நவம்பர் 17

தங்கச்சிக்கு,

முடிவை நீ ஏற்கெனவே கேட்டிருப்பாய். தோற்றுவிட்டோம், மூன்றுக்கு ஒன்று. முதல் பிரிவு இல்லை. அது கிடக்கட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் நாள் காலை உடை மாற்றுகிற அறையில் பையைத் திறந்து மட்டைகளைப் பெஞ்சில் வைத்தாள். முடிச்சைப் பார்க்க நான் கிட்டே போனேன். எந்த மூன்றைக் கொடுப்பது என்று அதுவரை நான் முடிவு செய்யவில்லை. விமானத்தில் முழுக்க அதே யோசனைதான், ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் அவள் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, மூன்றை இந்தப் பக்கமும் மூன்றை அந்தப் பக்கமும் பிரித்து வைத்தாள்.

"இது நான் கேட்டது. இது அம்மா கட்டினது" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பிப்ரவரிலேர்ந்து. முதல் மட்டையை எடுத்தவுடனே தெரிஞ்சிடுச்சு. அம்மா கட்டற சத்தம் எனக்குத் தெரியாதா பெரியம்மா?"

"தெரிஞ்சும் ஏண்டி ஆடினே? இங்கயே ஒருத்தர்கிட்ட கொடுத்து மாத்தியிருக்கலாமே."

"மாத்தினா அது அம்மா கட்டினது இல்லையே. கேட்டா சண்டை வரும். சண்டை வந்தா மட்டையும் வராது. அம்மா என்கூட பேசறது இதுல மட்டும்தான். ஒரு பவுண்டு குறைச்சா நான் கொஞ்சம் கூட சுழட்டிப்பேன், அவ்வளவுதானே."

பையின் அடித்துணிக்குக் கீழே நம் கடிதம் போவதும் அவளுக்குத் தெரியுமாம். படித்ததில்லை என்றாள். நம்புகிறேன்.

இந்த மூன்றையாவது இன்றைக்கு எடு என்று 54-ஐக் காட்டினேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். "இப்ப இதால அடிச்சா தாங்காது. பழகிப்போச்சு." நீ எழுதியதை அப்படியே சொன்னாள். உன் கவர் என் கைப்பையில் இருந்தது. அதற்குள் இருப்பது எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான்.

முதல் நாள் ஜெயித்தாள். நெட்டை தோற்றாள். மறுநாள் அவர்களுடைய முதல் ஆட்டக்காரியோடு, மூன்றாவது செட், ஐந்துக்கு நான்கு, இவள் சர்வ். நாலு புள்ளி எடுத்தால் ஆட்டம் நமக்கு. இரண்டு எடுத்துவிட்டாள். மூன்றாவதுக்கு ஒரு பந்து தாழ்வாக வந்தது. அதைத் துடைத்து எடுத்தாள். பந்து உள்ளேதான் விழுந்தது, புள்ளியும் கிடைத்தது. மட்டை மட்டும் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து இடது கையால் எடுத்தாள். கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. என்ன நடந்தது என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகும் ஆடினாள். நிறுத்துகிற உரிமை ஆடுகிறவளுக்குத்தான், எனக்கில்லை. பக்கம் மாறும்போது வந்து உட்கார்ந்தாள். போதும்மா என்றேன். "இன்னும் ரெண்டு கேம்தானே பெரியம்மா" என்றாள். ஐஸ் பையைக் கையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தொண்ணூறு வினாடியில் நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான். பந்தைச் சும்மா தள்ளித் தள்ளி ஏழுக்கு ஐந்தில் தோற்றாள். பிறகு நெட்டையும் தோற்றாள்.

ஜவ்வு முழுக்கக் கிழிந்துவிட்டது. இருபத்தெட்டாம் தேதி அறுவை சிகிச்சை. பேனா பிடிக்கலாம், பாத்திரம் தூக்கலாம், மட்டையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

பிப்ரவரியில் செயலாளர் கேட்டபோது நான் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வேறு எதையும் நான் எழுதப் போவதில்லை.

கவரைக் கொடுத்தேன். பிரிக்கவில்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா


டிசம்பர் 12

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே உன் எண்ணைத் திறந்துவிட்டேன். நீ இரண்டு முறை கூப்பிட்டதும் தெரியும். எடுத்தால் பேச வராது என்று எடுக்கவில்லை. எழுதத்தான் வருகிறது.

அறுவை சிகிச்சை நாளன்று போயிருந்தேன். அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். மயக்கம் தெளியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கை ஒரு தலையணை மேல் இருந்தது. மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விழிப்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான்.

நேற்று பை வந்தது. நீ அனுப்பினாயா, அவளே அனுப்பினாளா? அடித்துணியைத் தூக்கிப் பார்த்தேன், கடிதம் இல்லை. ஆறு மட்டைகளும் இருந்தன. ஆறிலும் நரம்பை அறுத்து எடுத்திருக்கிறாள். ரொம்ப நாள் எடுக்கப்போவதில்லை என்றால் நரம்பை அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் வளைந்துவிடும். அவளுக்குப் பத்து வயதில் நான் சொல்லிக்கொடுத்தது. நடுவிலிருந்து நாலு பக்கமும் சமமாக அறுக்க வேண்டும், அதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இது கோணல்மாணலாக இருக்கிறது. இடது கையால் செய்திருக்கிறாள்.

வழக்கப்படி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். படிக்க ஒன்றும் இல்லை அக்கா. வெறும் வளையம். அதன் வழியாக அலமாரியும் சுவரும் தெரிந்தன.

பிறகுதான் பிடிகளைப் பார்த்தேன். ஐந்தில் டேப் இல்லை. ஒன்றில் புது டேப் ஒட்டியிருக்கிறாள். எண் இல்லை. சின்னக் குழந்தை எழுதுகிற மாதிரி, ஓர் எழுத்து மேலேயும் ஓர் எழுத்து கீழேயுமாக, "உன் இஷ்டம்" என்று எழுதியிருக்கிறாள்.

கோபமாக எழுதினாளா, பாசமாக எழுதினாளா என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அது அவள் கையெழுத்தே இல்லை. அவரிடம் காட்டினேன். நல்லதாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார், காயப்போடத் துணிகூட எடுத்துக்கொள்ளாமல்.

இன்று காலை கடையைத் திறந்ததும் அந்த ஒரு மட்டையை இயந்திரத்தில் பூட்டினேன். நரம்பையும் கோத்துவிட்டேன். கடைக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் ஆகிவிட்டது. டயலில் ஒரு கையை வைத்தபடியே இதை எழுதுகிறேன். எத்தனை வைப்பது என்று தெரியவில்லை அக்கா. நீயாவது அவளிடம் கேட்டுச் சொல்.